கயிறில்லாத லிஃப்ட் (அத்தியாயம் 14): இடது இறக்கை, பாதி

போன வாரம் டெய்லரம்மாவை ஓர் இக்கட்டில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். காலை வேளை. சாப்பாட்டு மேஜை முன்னால் நின்றுகொண்டு, புருஷன் கட்டிய விண்கலத்தின் இடது இறக்கையை அவள் கட்டைவிரலால் அழுத்துகிறாள். 'டக்' என்று சத்தம். அதே நொடியில் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்கிறது.

ஒன்றும் ஆகவில்லை. அவர் தலைக்கு சோப்பு போடத்தான் குழாயை மூடினார். இவளுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. விண்கலத்தை இருந்த இடத்திலேயே, மூக்கு ஜன்னலைப் பார்க்கும்படி வைத்துவிட்டு அடுப்படிக்குள் புகுந்தாள். ஏற்கெனவே கொதித்து முடிந்த டீயை இன்னொரு முறை கொதிக்கவிட்டாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள், லிஃப்ட் ஏறி இறங்கும் குழியில் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தவர். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒன்றரை ஆள் உயரத்திலிருந்து விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது, உள்ளே தகடு வைத்தார்கள். தலையிலும் நல்ல அடி.

"விரலுக்கு வேலை கொடுங்க. சின்னச் சின்னதா எதையாவது எடுத்து வைங்க, அழுத்துங்க" என்றார் கை டாக்டர்.

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் ஒரு மூட்டை பொம்மைக் கட்டைகளை வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் கொட்டினாள். ஒன்றின் தலையிலிருக்கும் குமிழில் இன்னொன்றை வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளும், அந்தக் கட்டைகள்தான். இருபத்து நாலு வயதாகியும் அந்தப் பெண்ணை வீட்டில் எல்லாரும் 'வாலு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

லிஃப்ட்காரர் வீடு கட்டவில்லை, கார் கட்டவில்லை. விண்கலம் கட்ட உட்கார்ந்தார். பார்த்துக் கட்டப் படம் கிடையாது, எல்லாம் மண்டைக்குள்ளிருந்து.

"விண்கலம்னா என்ன? கயிறில்லாத லிஃப்ட், அவ்வளவுதான்" என்றார்.

அதுவும் சண்டை போடும் கப்பல் இல்லை, பழுது பார்க்கும் கப்பல். "நடுவானத்துல ஒரு கப்பல் நின்னுபோச்சுன்னா உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு ஆள் வேணாமா? போன் பண்ணுவாங்க, நாம போகணும்ல?" செருப்பு நீளம்தான் இருக்கும். அதற்குள் இரண்டு இறக்கை, கொக்கி வைத்த இரண்டு கை, வயிற்றில் கருவிப் பெட்டி, பின்னால் நாலு குழல். மூக்கில் கண்ணாடி மூடி போட்ட ஓட்டுநர் அறை, அதில் மூன்று நாற்காலி. ஒரு குமிழ் மட்டும் உள்ள குட்டிக் கட்டைதான் ஒரு நாற்காலி. நீலம் அவர், அவருடைய வேலைச் சட்டை நிறம். மஞ்சள் டெய்லரம்மா, அவளுடைய அளவு டேப் நிறம். சிவப்பு மகள், அவளுடைய மூக்குக் கண்ணாடி நிறம்.

எல்லாம் அழகுதான். ஆனால் டெய்லரம்மாவுக்கு நாலு மாதமாக நிம்மதியே இல்லை.

அவர் வைக்கும் கட்டைகள் சரியாக உட்காரவே இல்லை. பாதிதான் கவ்வியிருக்கும். தொட்டால் ஆடும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று அவள் அழுதேவிட்டாள். இந்தப் பிளாஸ்டிக்கைக்கூட அழுத்த முடியாத கையா? சட்டென்று தன் கட்டைவிரலால் அழுத்தினாள். டக். மறுநாளும் ஆடியது, மறுநாளும் டக். அவர் குளிக்கும் நேரம் அவளுக்கு அழுத்தும் நேரம் ஆகிவிட்டது. தொங்குகிற பட்டனைப் பார்த்தால் சும்மா இருக்காத கை அது. பஸ்ஸில் முன்சீட்டு ஆளின் சட்டையில் நூல் தொங்கினாலே அவளுக்குத் தூக்கம் வராது.

பாவம், அவர் நம்பிக்கை உடையக் கூடாது என்றுதான் செய்தாள். செய்துகொண்டே இருந்தாள். இப்போது அது கழுத்தைப் பிடிக்கிறது.

ஏனென்றால் இன்றைக்குத்தான் கை டாக்டர் கடைசியாகச் சோதித்துப் பார்த்துத் தகுதிச் சான்றிதழ் தரும் நாள். கையெழுத்து விழுந்தால், திங்கட்கிழமை முப்பது மாடிக் கட்டடம் ஒன்றின் குழிக்குள் அவர் இறங்க வேண்டும். அந்தக் கை நடுவில் விட்டுவிட்டால்?

டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

---

"என்னம்மா, டீயா கஷாயமா?" வாலு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"குடி, ஒண்ணும் ஆகாது."

லிஃப்ட்காரர் சலவைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். விண்கலத்தைப் பார்த்தார். இடது இறக்கையை ஒரு விரலால் தொட்டார். அது ஆடவில்லை. அவர் முகம் ஒரு கணம் வெளுத்ததை டெய்லரம்மா கவனித்தாள். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்து, இரண்டு வரி எழுதி, யாரும் பார்ப்பதற்குள் உள்ளே போட்டுக்கொண்டார்.

அந்த நோட்டை அவள் பல நாளாகப் பார்க்கிறாள். கப்பலுக்குப் படம் போடுகிறார் என்று விட்டுவிட்டாள்.

"டாக்டர் கப்பலையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றார். குரலில் உற்சாகமே இல்லை. ஐந்து மாதம் வீட்டில் அடைபட்டுக் கிடந்த மனுஷன், வேலைக்குப் போகிற நாள் நெருங்கினால் குதிக்க வேண்டாமா? அதுவும் அவளுக்கு ஒரு அத்தாட்சியாகப் பட்டது. அவருக்கே தெரிகிறது, கையில் பலம் இல்லையென்று. புதன்கிழமை டம்ளரைக்கூடக் கீழே போட்டார்.

வாலு பிஸ்கட் டப்பாவைக் கழுவித் துடைத்து, அடியில் அம்மாவின் கடையிலிருந்து வந்த பஞ்சைப் பரப்பி, விண்கலத்தை உள்ளே இறக்கினாள். "அப்பா, இந்தக் கண்ணாடி மூடியைச் சமீபத்துல திறந்து பாத்தீங்களா?"

"போன வாரமே மூடியாச்சு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கிற பெண் இல்லை அவள். ஆனால் டெய்லரம்மாவுக்கு அன்று அதையெல்லாம் கவனிக்கத் தலையில் இடமில்லை.

பஸ்ஸில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். டப்பா வாலுவின் மடியில். ஒவ்வொரு பள்ளத்திலும் டெய்லரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இடது இறக்கையைத்தான் அழுத்த முடிந்தது. வலது இறக்கை, குழல்கள், கொக்கிக் கைகள் எல்லாம் அவர் வைத்தது வைத்தபடி தொளதொள என்று இருக்கின்றன. டாக்டர் மேஜையில் வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் அவர் முகம் எப்படி ஆகும்?

உதிரட்டுமே என்று இன்னொரு மனம் சொன்னது. உதிர்ந்தால் டாக்டருக்கே தெரிந்துவிடும். நீ வாயைத் திறக்க வேண்டியதில்லை.

சே, என்ன மனுஷி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஏம்மா, ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?" லிஃப்ட்காரர் கேட்டார்.

"ஜன்னலைத் திறக்கலயே, அதான்."

ஜன்னல் திறந்துதான் இருந்தது.

---

கை டாக்டர் ஐம்பது வயது அம்மாள். சிரித்துக்கொண்டே பேசுவார், ஆனால் ஏமாற்ற முடியாது. டப்பாவைத் திறந்து விண்கலத்தை வெளியே எடுத்தார். டெய்லரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் உதிரவில்லை.

"அடேயப்பா! இது எங்க போற கப்பல்?"

"ரிப்பேருக்குப் போறது, டாக்டர்" என்றாள் வாலு. "கூப்பிட்டா வரும். லேட்டாத்தான் வரும்."

டாக்டர் சிரித்துவிட்டு ஒரு கருவியை எடுத்தார். கைப்பிடியை இறுக்கி அமுக்கினால் வட்டத்துக்குள் முள் ஏறும். முதலில் இடது கை. முள் நாற்பத்திரண்டில் நின்றது. அடுத்து வலது கை.

டெய்லரம்மா சேலை முந்தானையை முறுக்கினாள். பத்து காட்டும், பதினைந்து காட்டும் என்று எதிர்பார்த்தாள்.

முள் முப்பத்தொன்பதில் நின்றது.

"இன்னொரு தடவை" என்றார் டாக்டர். மறுபடி முப்பத்தொன்பது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளிப் பிடிக்கும் சோதனை. அதிலும் இரண்டு கைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"பிரமாதம், ஐயா. இதுக்குக் குறைவா வந்திருந்தாக்கூட விட்டிருப்பேன். பலம் மொத்தமும் திரும்பிடுச்சு." பேனாவைத் திறந்து சான்றிதழை இழுத்து வைத்தார்.

டெய்லரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதெப்படி? நாலு மாதமாக அவள் விரலுக்குத் தெரிந்தது பொய்யா? அந்தக் கருவிக்கு என்ன கேடு? பேனா காகிதத்தைத் தொடப் போகிறது. முப்பது மாடிக் குழி கண் முன்னால் வந்து நின்றது. அவர் கோபித்துக்கொள்ளட்டும், ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும், ஆள் முழுசாக இருந்தால் போதும்.

"டாக்டர், கையெழுத்து போடாதீங்க!" என்று கத்தினாள்.

அவள் மட்டும் கத்தவில்லை. அதே நேரம் பக்கத்திலிருந்து லிஃப்ட்காரரும் அதையேதான் சொன்னார். "போடாதீங்க, டாக்டர்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் பேனாவை மூடினார்.

"இந்த ரூம்ல கையெழுத்து போடுங்கன்னு அழுதவங்கதான் உண்டு. வேணாம்னு ஜோடியா சொல்றது இதான் முதல் தடவை. யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

லிஃப்ட்காரர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"கை நல்லா இருக்கு, டாக்டர். இதுதான் சரியில்லை." நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "மறதி, தலைசுத்தல் ஏதாவது இருந்தா உடனே சொல்லணும்னு தலைக்கு அடிபட்டப்பவே சொல்லி அனுப்பினாங்க. நான் சொல்லாம மறைச்சுட்டேன். வீட்ல தெரிஞ்சா இவ தாங்க மாட்டா."



"வேலையில எங்களுக்கு ஒரு பழக்கம். இன்னிக்கு எதுவரைக்கும் செஞ்சோம்னு எழுதி வெச்சுட்டுத்தான் கிளம்புவோம். அதே மாதிரி இதுக்கும் எழுதி வெச்சேன்." நோட்டைப் பிரித்து வாசித்தார். "செவ்வாய் சாயங்காலம்: வால், பாதி. புதன் காலை: வால், முழுசு. வியாழன்: கருவிப் பெட்டி, பாதி. வெள்ளி காலை: முழுசு. நேத்து: இடது இறக்கை, பாதி. இன்னிக்குக் காலையில பார்த்தா முழுசு." நோட்டைக் கீழே இறக்கினார். "நான் பாதிதான் அழுத்தறேன், டாக்டர். விடிஞ்சு பார்த்தா முழுசா உக்காந்திருக்கு. நானே எந்திரிச்சு வந்து செஞ்சிருக்கேன், செஞ்ச ஞாபகமே இல்ல. இருபத்து மூணு தடவை. இப்படிப்பட்டவன் குழிக்குள்ள இறங்கலாமா? மேல சுவிட்சை அணைச்சேனா இல்லையான்னு மறந்துட்டா, என்கூட இறங்கறவன் கதி?"

வாலு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

டெய்லரம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"அது நாந்தாங்க."

"எது?"

"முழுசு. அந்த முழுசெல்லாம் நாந்தான்." அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தன. "நீங்க குளிக்கப் போவீங்கல்ல, அப்ப அழுத்திடுவேன். உங்க கைக்கு பலம் இல்ல, பாதிதான் அழுத்த முடியுதுன்னு நினைச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவீங்கன்னு..."

லிஃப்ட்காரர் அவளையே பார்த்தார். புரிய நேரம் பிடித்தது.

"பலம் இல்லாமயா? ஏம்மா, நான் வேணும்னேதான் பாதி விட்டேன்!"

"வேணும்னே எதுக்குங்க?"

"லிஃப்டுக்கு ரெண்டு பக்கமும் தண்டவாளம் நிக்கும். துண்டு துண்டா போல்ட் போட்டு ஏத்துவோம். முதல் துண்டையே முழுசா முறுக்கிட்டா, மேல போகப் போகக் கோணிக்கும். எல்லாத்தையும் பாதி முறுக்கி நிறுத்தி, மேலேர்ந்து தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, நேர் பாத்து, அப்புறந்தான் முழு முறுக்கு. கை அப்படியே பழகிப்போச்சு." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, வாய் சிரித்தது. "உனக்கா இது தெரியல? நீ எந்தத் துணியை எடுத்தவுடனே மெஷின்ல வெச்சிருக்க? ஓட்டுத்தையல் போட்டு, போட்டுப் பாக்கச் சொல்லி, அப்புறந்தானே அடிக்கிற?"

டெய்லரம்மா தன் விரலைப் பார்த்தாள். இருபது வருஷமாகக் கையால் ஓட்டுத்தையல் போட்டுப் போட்டு விரல் காய்த்துப் போனவள். வாடிக்கையாளர் யாராவது "என்னம்மா, தையல் இவ்வளவு லூசா இருக்கு" என்று கேட்டால் "இது சும்மா நிறுத்தி வெக்கறதுக்கு" என்று எரிந்து விழுகிறவள். சொந்தப் புருஷன் போட்ட ஓட்டுத்தையலை நாலு மாதமாகக் கடைசித் தையல் என்று நினைத்து அழுதிருக்கிறாள்.

"அப்ப அன்னிக்கு டம்ளரைக் கீழ போட்டீங்களே?" விடாமல் கேட்டாள்.

"வால் முழுசா உக்காந்திருந்ததைப் பார்த்தேன். பயத்துல கை விட்டுடுச்சு."

"அதைப் பார்த்துத்தானே நான் இன்னும் பயந்தேன்!"

"நீ பயந்து அழுத்த, நான் அதைப் பார்த்துப் பயப்பட... நல்ல குடும்பம்." அவர் நாற்காலியில் சாய்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று டெய்லரம்மாவுக்குத் தெரியவில்லை. அவள் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நாள் பாரம் அது, இரண்டு பேருக்கும்! ஒரே வீட்டில், ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

டாக்டர் மட்டும் உணர்ச்சிவசப்படவில்லை. பழைய தாள்களைப் புரட்டினார். "தலை ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு அப்பவே எழுதியிருக்காங்க. இருந்தாலும் நான் பாக்காம விட மாட்டேன். மூணு வார்த்தை சொல்றேன், மனசுல வெச்சுக்கங்க. குடை, சாவி, வாழைப்பழம்."

பிறகு கிழமை கேட்டார், கணக்கு கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். லிஃப்ட்காரர் தடுமாறாமல் சொன்னார். பத்து நிமிஷம் கழித்து, "அந்த மூணு வார்த்தை?"

"குடை, சாவி, வாழைப்பழம். நீங்க சொல்லும்போது பேனா இடது கையில இருந்துச்சு."

"நீங்க சொல்லுங்கம்மா பார்ப்போம்."

டெய்லரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "குடை, சாவி... அப்புறம் ஏதோ ஒண்ணு, டாக்டர்."

"கையெழுத்து உங்களுக்கு இல்ல, அதனால பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் சான்றிதழில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டார்.

---

திரும்பும் பஸ்ஸில் டெய்லரம்மாவுக்கு ஊரே புதிதாகத் தெரிந்தது. லிஃப்ட்காரர் வாய் ஓயாமல் பேசினார். திங்கட்கிழமை எந்தச் சட்டை, எந்தப் பை, பூட்ஸுக்கு லேஸ் மாற்ற வேண்டும் என்று. நாலு மாதத்தில் பேசாததையெல்லாம் நாலு நிறுத்தத்துக்குள் பேசித் தீர்த்தார். இவளும் விடவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?" என்று ஒரு தடவை, "நீ சொன்னியா?" என்று அவர் ஒரு தடவை. சண்டைதான், ஆனால் இரண்டு பேருக்கும் அதில் அலுக்கவே இல்லை.

வாலுதான் வாயே திறக்கவில்லை. அது அதிசயம். டப்பா மூடியைப் பாதி திறந்து, கையை உள்ளே விட்டு என்னவோ செய்துகொண்டிருந்தாள்.

"என்ன நோண்டற?"

"கலையாம இருக்கான்னு பாக்கறேன்மா."

வீட்டுக்கு வந்ததும் லிஃப்ட்காரர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. "எடு கப்பலை. இன்னிக்குக் கடைசி முறுக்கு."

"இப்பவே எதுக்குப்பா? சாப்பிட்டுட்டு..." என்றாள் வாலு.

"அஞ்சு மாசம் காத்திருந்தாச்சு."

மத்தியான வெளிச்சம் மேஜையில் நேராக விழுந்தது. அவர் டெய்லரம்மாவின் நூல்கண்டிலிருந்து ஒரு முழம் அறுத்து, நுனியில் ஒரு பட்டனைக் கட்டி, விண்கலத்துக்கு முன்னால் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வலது இறக்கை ஒரு நூலளவு தூக்கியிருந்தது. சரி செய்தார். பிறகு கட்டைவிரலை வைத்தார்.

டக்.

டெய்லரம்மாவுக்கு அந்தச் சத்தம் போல இனிப்பான சத்தம் அதுவரை காதில் விழுந்ததில்லை. மூன்று குழல், டக், டக், டக். கொக்கிக் கை இரண்டும், டக், டக். ஒவ்வொன்றுக்கும் அவர் நோட்டில் ஒரு கோடு போட்டார். நாலாவது குழலை அவள் பக்கம் திருப்பி, "இதை நீ அழுத்து. ஆனா நான் பாக்கும்போது அழுத்து" என்றார். அவள் அவர் தோளில் ஒரு அடி போட்டுவிட்டு அழுத்தினாள்.

"இனி ஓட்டுநர் அறை மட்டுந்தான். அடித்தளத்தை உள்ளேர்ந்து அழுத்தணும்."

கண்ணாடி மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார்.

அப்படியே நின்றுவிட்டார்.

டெய்லரம்மா எட்டிப் பார்த்தாள். நீலம், மஞ்சள், சிவப்பு. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையாக ஒன்று. நாலு நாற்காலி.

"நான் மூணுதான் வெச்சேன்" என்றார் மெதுவாக. நோட்டைப் புரட்டினார். 'நாற்காலி மூணு, மூடியாச்சு' என்று அவர் கையெழுத்தே சொன்னது. "நீ...?"

"சத்தியமா இல்லங்க. மூடியை நான் தொட்டதே இல்ல."

"பச்சைக் கட்டையே நம்ம மூட்டையில கிடையாது. வாங்கினேனா நான்?" பழைய பயம் அவர் முகத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் இடது இறக்கையைத் தொட்டபோது வெளுத்ததே, அதே வெளுப்பு. கை சட்டைப்பையிலிருந்த சான்றிதழைத் தொட்டது. "திரும்ப டாக்டர்கிட்டப் போயிடலாமா?"

"அப்பா."

வாலு குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். டம்ளர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவள் மூடவில்லை.

"உங்களுக்கு மறதி இல்லப்பா. நீங்க வாங்கல. நாந்தான் வெச்சேன்."

"நீயா? பச்சை எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஒருத்தர் குடுத்தாங்க." குழாயை மூடினாள். திரும்பினாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலே நெற்றி வரைக்கும் சிவந்திருந்தது. "நாலு நாளாச்சு வெச்சு. நீங்களா திறந்து பார்த்து, சிரிச்சு, யாரு இதுன்னு கேப்பீங்க, அப்ப சொல்லலாம்னு இருந்தேன். டாக்டர் ரூம்ல நீங்க அந்த நோட்டை வாசிச்சீங்களே... இதையும் பார்த்தா உங்களுக்கு எப்படி இருக்கும்னு நினைச்சேன். பஸ்லயே எடுத்துடலாம்னு பார்த்தேன். மனசு வரல."

டெய்லரம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். இந்த வீட்டில் இன்னும் எத்தனை ரகசியம் பாக்கி இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் முதலில் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அதில் ரத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது போதும். மிச்சமெல்லாம் அப்புறம்.

லிஃப்ட்காரர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். குனிந்து, பச்சை நாற்காலியை விரல் நுனியால் தொட்டார். அது ஆடியது.

"பாதிதான் அழுத்தியிருக்க."

"முழுசாத்தான் அழுத்தியிருந்தேன். நீங்க தண்டவாளக் கதை சொன்னதும், பஸ்ல தூக்கிப் பாதியாக்கிட்டேன்." வாலுவின் கண் கலங்கியது, ஆனால் குரல் தடுமாறவில்லை. "நீங்க நேர் பார்த்துச் சொல்ற வரைக்கும் பாதிதான்பா."

அவர் நோட்டை எடுத்தார். எழுதினார். எழுதியதை இந்தத் தடவை மறைக்கவில்லை. மேஜை நடுவில், இரண்டு பேரும் படிக்கும்படி வைத்தார். 'பச்சை நாற்காலி, பாதி.'

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லு. தூக்குக்குண்டு கட்டிப் பாக்கறேன்."

"அப்பா, அது... நீங்க பார்த்தவங்கதான். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சவங்க."

"யாரு?" இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள். அன்றைக்கு இது இரண்டாவது தடவை.

வாலு டம்ளரை எடுத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமைதானே சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

லிஃப்ட்காரர் கண்ணாடி மூடியை மூடவில்லை. கை கழுவப் போனார். விண்கலம் மேஜையில் தனியாக நின்றது. இறக்கை ஆடவில்லை, வால் ஆடவில்லை. அந்தப் பச்சை ஒன்று மட்டும், ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு, உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தது.

டெய்லரம்மாவின் கட்டைவிரல் துறுதுறுவென்றது. ஒரே ஒரு அழுத்துதான். யாருக்குத் தெரியப் போகிறது?

குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அவள் வலது கையைத் தூக்கித் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.